பன்னிரண்டும் நான்கும் பதினாறு: பிளஸ் டூ சான்றிதழோடு ஜெர்மனியில் பொறியியல்

ஒரு புதிரோடு ஆரம்பிக்கலாம். ரெண்டு பேர். ஒருத்தர் தமிழ்நாடு மாநில வாரியத்தில் பிளஸ் டூ முடிச்சு 600க்கு 580 வாங்கியவர். இன்னொருத்தர் அதே வாரியத்தில் 450 வாங்கி, திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்து, முதல் வருஷத்தை அரியர் இல்லாமல் தாண்டியவர். ரெண்டு பேரும் ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மெக்கானிக்கலுக்கு விண்ணப்பிக்கிறாங்க. 450 வாங்கியவருக்கு நேரடியாக விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. 580 வாங்கியவருக்கு, அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துப் பார்த்தால், கிடையாது.

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. எங்க குளத்தூரில் அரசுப் பள்ளியில் நல்லா படிக்கிற ஒரு பையனோட அம்மா, "என்னா தம்பி சொல்றீங்க, மார்க்கு கூட இருக்குறவனுக்கா இல்லங்குறாங்க?" என்று கேட்டார். அவங்க கேட்டதில் நியாயம் இருக்கு. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு ஏஜென்சி அவங்ககிட்ட, "மார்க் சூப்பர், அட்மிஷன் கன்ஃபர்ம்" என்று சொல்லி முன்பணம் கேட்டிருந்தது. தகுதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒருத்தராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துத் திரும்பியிருப்பாங்க. வெளிநாடு என்ற சொல் இங்கே யாருக்கும் புதுசு இல்லை. ஆனா வேலைக்குப் போவதும் பள்ளிச் சான்றிதழோடு படிக்கப் போவதும் வேற வேற சமாச்சாரம். அந்தப் பையனுக்காகத் தேடிப் படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல வருஷக் கணக்கு.

நம்ம ஊரில் பள்ளி 12 வருஷம், பி.இ. 4 வருஷம். கூட்டினால் 16. ஜெர்மனியில் பள்ளி இறுதிச் சான்றிதழின் பேர் அபிடூர். பாரம்பரியமாக அது 13 வருஷம். நடுவில் பல மாநிலங்கள் அதை 12ஆகக் குறைத்தன. பெற்றோர் எதிர்ப்பில் பவேரியா, நீடர்சாக்சன், நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா போன்றவை திரும்பவும் 13க்கே போய்விட்டன. அதுக்கு மேல் பொறியியல் இளநிலை 3 அல்லது மூன்றரை வருஷம். கூட்டினால் 16, பதினாறரை. இங்கிலாந்தில் ஏ-லெவல் முடிக்க 13 வருஷம், பி.இங். 3. அதுவும் 16. அமெரிக்காவில் 12, 4. மறுபடி 16.

ஆக மொத்தம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒண்ணுதான். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் கோடு எங்கே போட்டிருக்காங்க என்பதுதான் வித்தியாசம். அமெரிக்கா நம்ம பிளஸ் டூவை நேராக எடுத்துக்கொள்வதற்கு அவங்க தாராள மனசு காரணமில்லை, கோடு ஒரே இடத்தில் விழுந்திருக்கு. ஜெர்மனியில் கோடு ஒரு வருஷம் தள்ளி விழுந்திருக்கு. அவங்க பையன் 13ஆம் வருஷத்தில் பள்ளியில் படிக்கும் கணிதத்தையும் இயற்பியலையும் நம்ம பையன் பி.இ. முதல் வருஷத்தில் படிக்கிறான். நம்ம முதல் வருஷப் பாடங்களை யோசிச்சுப் பாருங்க: இன்ஜினியரிங் மேத்ஸ், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். இதில் மெக்கானிக்கலுக்கென்றே உள்ளது என்று எவ்வளவு சொல்ல முடியும்? என்னைக் கேட்டால், அது பள்ளியின் கடைசி வருஷம், கல்லூரி வளாகத்தில் நடக்குது, அவ்வளவுதான்.

இந்தக் கோடு நம்ம ஊரிலேயே ஒரு தடவை நகர்ந்திருக்கு. 1978க்கு முன்னாடி தமிழ்நாட்டில் 11 வருஷம் பள்ளி, எஸ்.எஸ்.எல்.சி., பிறகு ஒரு வருஷம் கல்லூரியில் பி.யு.சி. பி.யு.சி. முடிச்சவங்களுக்கு பி.இ. 5 வருஷம். மேல்நிலைப் பள்ளி முறை வந்ததும் பி.யு.சி.யை கல்லூரியிலிருந்து எடுத்துப் பள்ளிக்குள் கொண்டு வந்தாங்க. பி.இ. நாலு வருஷமானது. மொத்தம் பழையபடி 17இலிருந்து 16 ஆனது. உங்க வீட்டில் அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவங்க இருந்தால் கேட்டுப் பாருங்க, பி.யு.சி. படிக்க ஊரை விட்டு டவுனுக்குப் போன கதை கட்டாயம் வரும்.

"சிங்கப்பூரில் 12 வருஷம்தானே, அவங்க சான்றிதழுக்கு மட்டும் எப்படி ஏ-லெவல் மரியாதை?" என்று ஒருத்தர் மடக்கலாம். அங்கே தொடக்கப்பள்ளி 6, உயர்நிலை 4, ஜூனியர் காலேஜ் 2. மொத்தம் 12தான். ஆனா கடைசி ரெண்டு வருஷம் மூணு நாலு பாடத்தை மட்டும் எடுத்து ஆழமாகத் தோண்டுறாங்க. இலங்கையில் 13 வருஷம் ஆகுது. உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், இந்த மூணுதான் பிரதானம். நம்ம பிளஸ் டூவில் ஆறு பாடம். அகலம் அதிகம், ஆழம் கம்மி. எனவே வருஷ எண்ணிக்கை என்பது ஒரு சுருக்கக் குறியீடு. அதிகாரி உண்மையில் பார்ப்பது, முதல் செமஸ்டர் வகுப்பில் உட்கார்ந்தால் இவனுக்குப் புரியுமா என்பதை.

இதில் ஜெர்மனி நம்மை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். நாமும் இதையேதான் செய்றோம். எங்க ஊரிலிருந்து திருச்சி போகும் வழியில் சுற்றிப் போனால் துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கு. வெளிநாட்டில் பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே தாசா என்ற திட்டத்தில் சேருகிறாங்க. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு அதிலேயே கட்டணம் குறைந்த தனிப் பிரிவு உண்டு. முன்னே அமெரிக்க எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்து எடுத்தாங்க. 2021இலிருந்து ஜே.இ.இ. மெயின் கட்டாயம். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் நம்ம பிளஸ் டூவுக்குச் சமமா என்று சொல்ல இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று ஓர் அமைப்பு டில்லியில் இருக்கு.  துபாயிலிருந்து திருச்சிக்கு வரும் பிள்ளைக்கு இங்கே என்ன சோதனையோ, குளத்தூரிலிருந்து மியூனிக் போகும் பிள்ளைக்கு அங்கே அதே சோதனை.

சரி, அந்த ஒரு வருஷத்தை எப்படி ஈடுகட்டுவது? ஜெர்மனி மூணு வாசல் வைத்திருக்கு. எந்த நாட்டுச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதை அவங்க ஒரு பொதுத் தரவுத்தளமாகவே இணையத்தில் போட்டிருக்காங்க. பேர் அனபின். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. ஜெர்மன் மொழியில் இருக்கும், உலாவியின் மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளிக்கலாம். ஏஜென்சி சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

முதல் வாசல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. பிளஸ் டூவோடு அதில் தேர்ச்சி இருந்தால் தொழில்நுட்பம், இயற்கை அறிவியல் துறைகளில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். "அட்வான்ஸ்டு பாஸ் பண்ணினவன் ஐ.ஐ.டி.க்குப் போவானே, ஜெர்மனிக்கு ஏன் வரணும்?" என்று சிரிக்காதீங்க. 2024இல் அந்தத் தேர்வை எழுதியவங்க சுமார் 1,80,000 பேர். தேர்ச்சி பெற்றவங்க 48,248. அந்த வருஷம் ஐ.ஐ.டி.களில் இருந்த மொத்த இடம் 17,740. அப்படியென்றால் தேர்ச்சி பெற்றும் ஐ.ஐ.டி.யில் இடமில்லாதவங்க சுமார் முப்பதாயிரம் பேர். அவங்க கையில் இருக்கும் தாளுக்கு இந்தியாவில் அதிக மதிப்பு இல்லை, ஜெர்மனியில் உண்டு. இந்த விஷயம் கோச்சிங் சென்டர்களிலேயே நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா எங்க பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த வாசல் நடைமுறையில் பூட்டியே கிடக்குது என்பதையும் சேர்த்துச் சொல்லிடணும்.

ரெண்டாவது வாசல்தான் நம்ம 450காரர் நுழைந்தது. அங்கீகரிக்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் வெற்றிகரமாக முடித்தல். அண்ணா பல்கலைக்கழகம் அனபினில் ஏற்கப்பட்ட நிறுவனம். ரெண்டு நிபந்தனை. முதல் ரெண்டு செமஸ்டரிலும் எல்லாத் தாளும் தேறியிருக்கணும். அங்கே படிக்கப் போகும் துறை இங்கே படித்த துறையோடு ஒட்டியிருக்கணும். சிவில் ஒரு வருஷம் படிச்சுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பித்தால் சிக்கல். முதல் வருஷப் பாடம் எல்லாத் துறைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே என்று நாம வாதாடலாம், அவங்க பார்ப்பது சான்றிதழில் அச்சடித்திருக்கும் துறையின் பேரை. அதனால் கவுன்சலிங்கில் துறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்கணும்.

இந்த வாசலின் பெரிய லாபம் செலவு. 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவங்களுக்கு 2021இலிருந்து தமிழ்நாட்டில் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுது. அதாவது இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ "ஃபவுண்டேஷன் இயர்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் அதே ஒரு வருஷத்தை, நம்ம பிள்ளை இங்கே காசில்லாமல் முடிக்கலாம்.

ஆனா நாள்காட்டி இடிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மனியில் பொறியியல் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில்தான் ஆரம்பிக்கும். அதுக்கு விண்ணப்பிக்க வழக்கமான கடைசி நாள் ஜூலை 15. நம்ம கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கவே ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிடுது. முதல் வருஷத்தின் ரெண்டாவது செமஸ்டர் எழுதி முடிவு வரும்போது அடுத்த வருஷம் ஜூலையோ ஆகஸ்டோ. மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் முன்னே அந்த ஜூலை 15 போயிருக்கும். அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டேதான் இருக்கணும். எனவே "ஒரு வருஷம் முடிச்சுட்டுப் போகலாம்" என்பது நடைமுறையில் ரெண்டு வருஷம்.

அந்த ரெண்டாவது வருஷம் வீண் இல்லை. மொழி படிக்க அது வேணும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புகள் ஆங்கிலத்தில் ஏராளமாக இருக்கு, ஆனா இளநிலைப் பொறியியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். கேட்கும் அளவு சி1 அல்லது அதற்கு இணையான டி.எஸ்.ஹெச். 2ஆம் நிலை, டெஸ்ட்டாஃப் தேர்வில் நாலு பகுதியிலும் 4ஆம் நிலை. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து அந்த இடத்துக்குப் போக, கல்லூரியும் நடத்திக்கொண்டு, ஒன்றரை ரெண்டு வருஷம் உழைப்பு. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கு, இணைய வழியிலும் படிக்கலாம். ஆறு மாசத்தில் சி1 என்று விளம்பரம் பார்த்தால் தாண்டிப் போயிடுங்க.

மூணாவது வாசல் ஸ்டூடியன்கோலெக். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் அபிடூருக்குக் குறைவாக இருப்பவங்களுக்காகவே நடக்கும் ஒரு வருஷ ஆயத்தக் கல்லூரி. ரெண்டு செமஸ்டர். பொறியியலுக்குப் போறவங்களுக்கான பிரிவுக்கு டி-கோர்ஸ் என்று பேர்: கணிதம், இயற்பியல், அதோடு வேதியியல் அல்லது கணினி அறிவியல், ஜெர்மன் மொழி. கடைசியில் ஒரு தகுதித் தேர்வு. தோற்றால் ஒரே ஒரு தடவை திரும்ப எழுதலாம். நம்ம 580காரர் போக வேண்டிய வழி இதுதான். உள்ளே நுழையவே ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு, அதை எழுத பி1, பி2 அளவு ஜெர்மன் வேணும். அரசு நடத்தும் ஸ்டூடியன்கோலெக்குகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். தனியார் நடத்துவதும் இருக்கு, அங்கே ஆயிரக்கணக்கான யூரோ. ஏஜென்சிகள் கொண்டுபோய்த் தள்ளுவது பெரும்பாலும் இந்தத் தனியார் பக்கம். எந்த நிறுவனம், அதன் தேர்வை எந்த மாநிலம் ஏற்குது என்று கேட்டுட்டுத்தான் பணம் கட்டணும்.

இப்போ மதிப்பெண். கட் ஆஃப் 187.5 என்று சொன்னால் நம்ம ஊரில் டீக்கடைக்காரருக்கும் புரியும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு. வெளியில் அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 மிக உயர்வு, 4.0 வெறும் தேர்ச்சி. நம்ம சதவீதத்தை அதுக்குள் மாற்ற மாற்றியமைத்த பவேரிய சூத்திரம் என்று ஒண்ணு வச்சிருக்காங்க:

ஜெர்மன் மதிப்பெண் = 1 + 3 × (உச்ச மதிப்பெண் − உங்கள் மதிப்பெண்) ÷ (உச்ச மதிப்பெண் − தேர்ச்சி மதிப்பெண்)

மாநில வாரியத்தில் உச்சம் 100, தேர்ச்சி 35. எனவே கீழே எப்பவும் 65. 580 என்றால் 96.67 சதவீதம், போட்டால் 1.15 வருது. 450 என்றால் 75 சதவீதம், 2.15. 60 சதவீதம் என்றால் 2.85. ஒரு நோட்டுத்தாளில் ரெண்டு நிமிஷ வேலை.

ஒரு நிரலாளராக எனக்கு இந்தச் சூத்திரத்தில் ரசிக்கத்தக்கதும் உண்டு, உறுத்துவதும் உண்டு. ரசிப்பது, இது வெறும் நேர்கோட்டு மாற்றம், யாருடைய விருப்பு வெறுப்பும் உள்ளே வராது. உறுத்துவது, தேர்ச்சி மதிப்பெண் என்ற ஒற்றை எண்ணுக்கு இது கொடுக்கும் அதிகாரம். அதே 75 சதவீதத்தை, தேர்ச்சி 50 என்று தப்பாகப் போட்டால் 2.5 ஆகிடும். கல்லூரி மதிப்பெண்ணில் இது இன்னும் மோசம். 10க்கு 8 சி.ஜி.பி.ஏ. என்றால், குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி 5 என்று எடுத்தால் 2.2, 6 என்று எடுத்தால் 2.5. பையன் ஒரு எழுத்துகூட மாற்றி எழுதவில்லை, 0.3 போயிடுச்சு. எனவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் என்ன அச்சாகியிருக்குன்னு பாருங்க, விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க. நிறைய பேர் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்புறாங்க.

மாநில வாரியத்துக்கே உரிய இன்னொரு விஷயம் பிரிட்டனில் வரும். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நல்ல மதிப்பெண் இருந்தால் இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பை நேராகவே ஏற்கும், இந்தியாவுக்கென்று தனிப் பக்கமே வைத்திருக்கும். அதில் சி.பி.எஸ்.இ.க்கு ஒரு சதவீதமும், மாநில வாரியங்களுக்கு அதைவிட ஐந்தோ பத்தோ கூடுதலாகவும் கேட்பது சகஜம். மாநில வாரியங்கள் தாராளமாக மதிப்பெண் போடுதுன்னு அவங்க கணக்கு. ஜெர்மன் சூத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சி.பி.எஸ்.இ. தேர்ச்சி 33, நம்மது 35, அவ்வளவுதான் அது பார்ப்பது. மாநில வாரியப் பிள்ளைக்கு இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மனி பிரிட்டனைவிட நியாயமாக நடக்குது என்பது என் அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது முக்கால்வாசி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து இளநிலைக்கு செமஸ்டருக்கு 2,000 அல்லது 3,000 யூரோ. அது போக விசாவுக்கு முடக்கக் கணக்கு என்ற ஒண்ணு: ஒரு வருஷ வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வச்சால் 12 லட்சத்தைத் தொடும். அது கட்டணம் இல்லை, நம்ம பணம்தான், அங்கே போன பிறகு மாசம் 992 யூரோவாக நமக்கே திரும்ப வரும். ஆனா முதலில் அதைத் திரட்டணுமே! நிலத்தை அடமானம் வைக்கும் வீடுகளுக்கு, திரும்பி வரும் பணமா இல்லையா என்பதைவிட, ஒரே நாளில் 12 லட்சம் புரட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

சில்லறைச் செலவும் உண்டு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் வாங்கணும். டில்லியில் உள்ள அலுவலகம் நம்ம பத்தாவது, பிளஸ் டூ, கல்லூரித் தாள்கள் அசல்தானா, படிக்கும் தகுதி இருக்கா என்று பார்த்துக் கொடுக்கும். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் வழியாக வாங்குது, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்ததுக்கு 30. இது எல்லாமே மாணவனே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. இதற்கு மேல் "ப்ராசஸிங்" என்று ஒரு லட்சம், ரெண்டு லட்சம் கேட்டால், எதுக்கு என்று வரிவரியாக எழுதிக் கேளுங்க. அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தர்றோம்னு ஒரு வரி இருந்தால் உஷார். இந்தியா 2005இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, ரெண்டு நாட்டுக்கும் நடுவில் அந்த முத்திரை செல்லாது.

அந்தப் பையனோட வீட்டில் என்னிடம் நேராகவே கேட்டாங்க, "நீங்க என்ன செய்வீங்க?" நான் சொன்னது இது. வீட்டில் அந்த 12 லட்சம் கடனில்லாமல் இருந்து, பையனுக்கு ஜெர்மன் மொழியில் உண்மையான ஆர்வமும் இருந்தால், பி.இ. சேர்ந்து ரெண்டு வருஷத்தில் மாறலாம். இல்லைன்னா பி.இ.யை முழுசாக முடிச்சு முதுநிலைக்குப் போகட்டும். நாலு வருஷத்தில் கையில் ஒரு பட்டம் இருக்கும், ஆங்கிலத்தில் படிக்கலாம், நடுவில் ரெண்டு வருஷம் வேலை பார்த்து அந்த முடக்கக் கணக்குப் பணத்தை அவனே சேர்க்கலாம். பி.இ.யைப் பாதியில் விட்டுட்டுப் போய், அங்கே மொழி பிடிபடாமல் திரும்பினால், கையில் மிஞ்சுவது அதே பிளஸ் டூதான். பதினெட்டு வயசுப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தும் வழியை, கடன் வாங்கிச் செய்யும் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவன் அப்பா ஒத்துக்கிட்டார். பையன் முகம் சுண்டிப்போச்சு, அதையும் சொல்லணும்.

எந்த வழியில் போனாலும் இப்போதே சரி பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. பேர். பிளஸ் டூ சான்றிதழில் நமக்குப் பேருக்கு முன்னாடி இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரிக்கணும், அப்பா பேர் குடும்பப் பேராகப் போய் உட்காரும். பத்தாவதில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறொன்று, கல்லூரித் தாளில் இனிஷியல் பின்னாடி. டில்லியில் ஏ.பி.எஸ். தாள்களைப் பார்க்கிறவருக்கோ ஜெர்மனியில் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கோ இது ஒருத்தர் இல்லை, மூணு பேர். பள்ளிச் சான்றிதழில் எழுத்துப்பிழை இருந்தால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதித் திருத்த மாசக்கணக்காகும். குளத்தூர் தாலுகா என்று பேர் இருந்தாலும் தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில், ஒவ்வொரு சான்றுக்கும் அங்கே ஒரு நடை. பிளஸ் டூ தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போதே பள்ளியில் போய், ஆங்கில எழுத்துக்கூட்டல் பத்தாவது தாளில் உள்ளபடியே இருக்கான்னு பார்த்துடுங்க. பாஸ்போர்ட்டை அதுக்குப் பிறகு, அந்தத் தாளைக் கையில் வச்சுக்கிட்டு விண்ணப்பிங்க.